பொட்டு வைக்காத துணி

அடிக்கரட்டில் வண்டிகளின் இழுவை போகத் தொடங்கியது ஆயுத பூஜை கழிந்த பத்தாம் நாள் காலையில், முதலில் மெக்கானிக் தவசியின் சொந்த மோட்டார் சைக்கிளில், அப்புறம் ஹாரன் அடிக்கவில்லை என்று அவன் பட்டறைக்கு வந்த ஒரு சரக்கு ஆட்டோவில், அப்புறம் பட்டறை வாசலைக் கடந்து மலையேற வேண்டிய ஏழரை மணிப் பஸ்ஸில். எதுவும் நின்றுபோகவில்லை, எஞ்சின் எப்போதும்போல் ஓடியது, ஆக்சிலேட்டரை மிதித்தால் எப்போதும்போல் உறுமியது, ஆனால் அந்த உறுமலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது, விழித்துக்கொண்ட பிறகும் பாயைவிட்டு எழாமல் கிடக்கிற ஆளைப்போல ஒவ்வொரு வண்டியும் சத்தம் போட்டுக்கொண்டே ஊர்ந்தது.

அடிக்கரடு மலையின் காலடியில் இருக்கிற சின்ன ஊர். ஒரே சாலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு செக்போஸ்ட், மொக்கராசுவின் டீக்கடை, அதற்கு எதிரே தவசியின் பட்டறை, அதைத் தாண்டினால் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள், அவற்றின் உச்சியில் ஏலத்தோட்டங்களும் தேன்மலை என்கிற ஊரும். மலையேறுகிற வண்டிக்கு அழகு, நிறம், பாட்டுப்பெட்டி எதுவும் முக்கியமில்லை, இழுவை ஒன்றுதான் முக்கியம் என்பதால், இழுவை போன வண்டியைச் சரிசெய்யத் தெரிந்த தவசிக்கு அந்த ஊரில் வைத்தியருக்கு உள்ள மரியாதை இருந்தது. "முதல்ல மூச்சு, அப்புறம் சோறு, அப்புறம் நெஞ்சு, கடைசியாக் காலு" என்பான் அவன். மூச்சு என்றால் ஏர் ஃபில்டரும் காற்று போகிற குழாயும்; சோறு என்றால் டீசலோ பெட்ரோலோ வருகிற வழி; நெஞ்சு என்றால் எஞ்சினுக்குள் இருக்கிற அழுத்தம்; கால் என்றால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது. அந்த வரிசை மாறாமல் பார்த்தால் அகப்படாத கோளாறு கிடையாது என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவன், அன்றைக்குத் தன் மோட்டார் சைக்கிளின் சோற்றைப் பார்த்தான், நெஞ்சைப் பார்த்தான், காலைப் பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தன. மூச்சை மட்டும் அவன் கடைசியில், அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, குழாயைக் கழற்றிவிட்டு முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு விரலை மட்டும் உள்ளேவிட்டுத் தடவிப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. இருக்குமோ என்று அவன் பயந்தது வேறொரு வண்டியிலிருந்து ஏற்கெனவே வெளியே வந்து, அவன் தகர டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அது ஒரு துணி. அவன் மனைவி கனகமணியின் மஞ்சள் சேலை நைந்தபோது எட்டாகக் கிழித்துப் பட்டறைக்குக் கொடுத்ததில் ஒன்று, ஓரத்தில் பச்சை மாங்காய்க் கரை போட்டது. காற்றுக் குழாயைக் கழற்றினால், நட்டு போல்ட்டு எதுவும் தவறி உள்ளே விழுந்துவிடக் கூடாது என்று அதன் வாயில் ஒரு துணியைச் செருகுவது தவசியின் வழக்கம். ஆயுத பூஜையன்று சாயங்காலம் டிரைவர் ஜெயக்கொடியின் வெள்ளை வாடகைக் காரில் அப்படித்தான் செருகினான். அதற்குள் வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லிப் பத்து வண்டிகள் நின்றன, பூசணிக்காய்க்குப் பொட்டுக் குத்தியாயிற்று, எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் வைத்தாயிற்று, ஒருமுறை பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டால் மறுநாள் வரை எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்பதால் தவசி அவசர அவசரமாகக் குழாயை மாட்டிக் கிளிப்பை முறுக்கினான், முறுக்கி முடித்ததும் முடிக்காததுமாகக் கனகமணி வந்து அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கிச் சந்தனம் தடவி வரிசையில் வைத்தாள். சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்தார்கள், காற்றடிக்கிற பம்புக்கு வைத்தார்கள், கிரீஸ் டப்பாவுக்குக்கூட வைத்தார்கள், ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார்கள். துணிக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. அதனால் துணியை யாரும் எண்ணுவதுமில்லை.

எட்டு நாள் அந்தக் கார் சமவெளியிலேயே ஓடியது, மெதுவாக மூச்சு வாங்குகிற எஞ்சினுக்குத் துணி இடைஞ்சல் செய்யவில்லை. ஒன்பதாம் நாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைபார்க்கிற செண்பகம், தேன்மலையில் தன் தகப்பன் நாகப்பனுக்கு முடியவில்லை என்று போன் வந்து, பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்து ஜெயக்கொடியின் காரில் ஏறினாள். முழு இழுவையில் மலையேறும்போது எஞ்சின் மூச்சை ஆழமாக இழுத்தது, துணி நகர்ந்து குழாயின் வளைவில் அடைத்தது. பதினொன்றாம் வளைவில் ஒருமுறை தடுமாறிய கார் பதினான்காம் வளைவில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மேலே நாகப்பன் "வண்டிச் சத்தம் கேக்குதா, வண்டிச் சத்தம் கேக்குதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த வளைவுகளைச் செண்பகம் நடந்தும் ஓடியும் கடந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள்.

ஜெயக்கொடி காரை அப்படியே பின்னுக்கு உருட்டித் திருப்பி, இறக்கத்திலேயே பட்டறை வரை கொண்டுவந்தான். டீக்கடைக் கூட்டம் முழுக்கச் சுற்றி நின்றது. தவசி குழாயைக் கழற்றினான். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. ஜெயக்கொடி அப்போது பக்கத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான், கூட்டம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தவசி துணியை உருவி இடுப்பில் செருகிச் சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "எஞ்சின்ல ஒண்ணும் இல்லண்ணே" என்றான். வாய் தானாகவே மேற்கொண்டு பேசியது. "வளைவுல கிளட்ச்ச முழுசா விடாம ஹாஃப் கிளட்ச்லயே கால வச்சுட்டீக போல. அதான் புல்லிங் போயிருச்சு."

இருபத்திரண்டு வருடம் அந்த மலையில் வண்டியோட்டிய ஜெயக்கொடி, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றான்.

மறுநாள் காலையில்தான் வண்டிகளின் இழுவை போகத் தொடங்கியது.

கோளாறு வண்டிகளில் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவன் மொக்கராசு. கல்லாவில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது நாலாவது நாள் புலப்பட்டது. "ஏப்பா, தவசி மார்க்கெட்டுக்குப் போயிருந்தான்ல, அப்ப லாரியெல்லாம் கணக்காப் போச்சு. இவன் வந்து உக்காந்தான், உருளுது. இது வண்டிக் கோளாறு இல்ல, தவசிக் கோளாறு." பஸ் டிரைவரைக் கேட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். தவசி நடந்து அருகே வந்தால் பஸ் ஊர்ந்தது, விலகிப்போனால் குதித்துக்கொண்டு கிளம்பியது. தப்படி வைத்து அளந்தார்கள். இருபது தப்படி. நாலு பக்கமும் இருபது தப்படிக்குள் எண்ணெயில் ஓடுகிற எதுவும் இழுக்கவில்லை. கரண்டில் ஓடுகிறதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டு வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்படி ஒன்று நடந்ததற்காக அடிக்கரடு ஒருநாள் ஆச்சரியப்பட்டது, மறுநாள் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. பஸ் கண்டக்டர் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஒரு நீள விசில் கொடுப்பான், கொடுத்தால் தவசி பட்டறையைப் போட்டுவிட்டுப் பின்பக்கச் சோளக்காட்டுக்குள் போய் நிற்கவேண்டும், பஸ் போனபிறகு இரண்டு சின்ன விசில், திரும்பி வரலாம். மலையேறப் புறப்படுகிறவர்கள் டீக்கடைக்குப் போன் போட்டு "தவசி எங்க இருக்காப்ல?" என்று கேட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து, மணல் லாரிகள் பிள்ளைகளை இடிக்கிற மாதிரி போகின்றன, காலையிலும் சாயங்காலமும் அரைமணி நேரம் வாசலில் உட்கார்ந்தால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டுக்கொண்டபோது அவனால் மறுக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதற்கு மேலே ஒரு குடையையும் கட்டினார்கள். சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் பறந்த ஒருத்தன் டீக்கடை முன்னால் ஊர்ந்து ஊர்ந்து போய் நாலு கிழவிகளிடம் அகப்பட்டு அடிவாங்கினான். ரிப்பேருக்கு இப்போது வண்டிகளை எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், சரியானதும் தள்ளிக்கொண்டு போனார்கள், யாரும் வேறு மெக்கானிக்கிடம் போகவில்லை.

"கண்ணு பட்டுருச்சுண்ணே. பூசணிக்கா ஒடச்சப்ப துண்டு சரியாச் செதறல, நான் அப்பவே பாத்தேன்" என்றான் மொக்கராசு. இன்னொருத்தர் கிரகம் என்றார். ஒருத்தி முடிகயிறு கொண்டுவந்து கட்டினாள். அவனுக்கு ஏதோ அநியாயம் நடந்துவிட்டது என்றுதான் ஊர் முழுக்க நினைத்தது, அந்த நினைப்பில் டீயோடு ஒரு வடையையும் சேர்த்து வைத்தது. தவசியால் அந்த வடையை விழுங்க முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வாயில் வைத்துக்கொண்டே சோளக்காட்டுக்குள் போவான்.

ஜெயக்கொடியை யாரும் வாடகைக்குக் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை, சண்டை போடவும் இல்லை, "ஹாஃப் கிளட்ச்" என்று ஒரு வார்த்தை அவன் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அவன் காரைத் தேன்மலைக்கே கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ஏலக்காய் தரம்பிரிக்கிற கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்துவிட்டதாகவும், அவன் இடது கால் மரத்துப்போய் இழுத்து இழுத்து நடப்பதாகவும் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

தை மாதத்தில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, விபத்தைத் தடுத்த குடிமகன் என்று தவசிக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வை போர்த்திய அதிகாரி மைக்கைப் பிடித்து, பொறுப்பில்லாமல் வண்டியோட்டுவதால் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விடுகின்றன என்று பேசிக்கொண்டே வந்து, "ஏன், இதே மலையில, ஒரு டிரைவருக்குக் கிளட்ச்சை எங்க மிதிக்கணும், எங்க விடணும்னு தெரியாததால, ஒரு பொண்ணு பெத்த தகப்பன் முகத்தைப் பாக்க முடியாமப் போச்சு, அது உங்களுக்கே தெரியும்" என்றார். கூட்டம் "உச்" கொட்டியது. பிறகு மைக்கைத் தவசியிடம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சொல்வதற்கு அவனிடம் இருந்ததும் இரண்டு வார்த்தைதான். அவன் வாயைத் திறந்தான், முன்வரிசைப் பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், சால்வை கழுத்தில் குத்தியது. "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் அளந்தபோது நாற்பது தப்படி இருந்தது. மாசித் திருவிழா வந்தபோது அறுபது. கோயில் விளக்குகள் ஜெனரேட்டரில் எரிந்தன. தவசி சாமி கும்பிட வடக்குத் தெருவில் திரும்பியதும் சீரியல் பல்புகள் சிவந்து மங்கின, யாரும் திரும்பிப் பார்க்காமலேயே "தவசி வர்றாப்ல" என்றார்கள். தூரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். அறுபது தப்படி என்றால் சோளக்காட்டுக்குள் எவ்வளவு போனாலும் போதவில்லை, ஏழரை மணிப் பஸ் முதல் வளைவிலேயே ஏறமுடியாமல் பின்னால் வழிந்தது, உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள். ஊர்க்காரர்கள் கூடி வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்று, கடைசியில் மொக்கராசு சொன்னான்: "கரட்டுக்குப் பின்னாடி நாங்களே ஒரு கொட்டாய் போட்டுத் தர்றோம்ணே. கொஞ்ச நாளைக்குத்தான். சாப்பாடு கடையிலருந்து வந்துரும். எங்க மேல வருத்தப்படாதீக."

"எனக்கு என்ன வருத்தம்" என்றான் தவசி.

கொட்டாய்க்குப் போவதற்காகச் சாமான்களைக் கட்டும்போது கனகமணி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். மடித்த துணி விழுந்தது. கரி படிந்து, ஒருபக்கம் உறிஞ்சப்பட்டுக் கூம்பாகிக் காய்ந்திருந்தது. அதை விரித்து, ஓரத்தில் மாங்காயைப் பார்த்தாள்.

"இது என் மஞ்சச் சேலைல்ல?"

"ஆமா."

"எட்டாக் கிழிச்சேன். பூச முடிஞ்ச மறுநாள் கொடியில ஏழுதான் காஞ்சுச்சு. ஒண்ணு எங்கன்னு கேட்டதுக்கு எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னீங்க."

தவசி கயிற்றை எடுத்து மூட்டையைச் சுற்றினான்.

"எலிக்கு எஞ்சின் கரி எங்க கெடச்சுச்சு?"

அவன் கயிற்றை முடிபோட்டுக்கொண்டே இருந்தான், போட்ட முடியின் மேலேயே திரும்பவும் போட்டான். கனகமணி இருபது வருடம் மெக்கானிக்குடன் வாழ்ந்தவள். துணியின் கூம்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள், எந்தக் குழாய் அந்த வடிவத்தைக் கொடுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஜெயக்கொடி அண்ணன் பொண்டாட்டி போன வாரம் உங்களுக்குத் திருநீறு குடுத்தனுப்புனா" என்றாள். "பாவம், தவசி அண்ணனுக்கு இப்படி ஆயிருச்சேன்னு அழுதாளாம். நான் அத வாங்கி உங்க நெத்தியில பூசிவிட்டேன்."

துணியை மடித்து அவன் முன்னால் வைத்தாள். "போங்க."

"எங்க?"

"மேல."

விடிவதற்கு வெகுநேரம் முன்பே தவசி புறப்பட்டான். தார்ச்சாலை வழியாகப் போக முடியாது, வளைவில் ஏறுகிற வண்டி அவனைக் கண்டால் பின்னால் உருண்டு பள்ளத்தில் விழும். ஏல மூட்டை சுமக்கிற கோவேறு கழுதைகள் போகிற பழைய பாதையில், மலையின் மறுபக்கமாக, உருண்டைக் கற்களில் கால் வழுக்க வழுக்க ஏறினான். அந்தப் பாதை ஒரே ஓர் இடத்தில் சாலையை வெட்டிக்கொண்டு போனது, அது பதினான்காம் வளைவு. வண்டிச் சத்தம் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் சாலையைக் கடக்கும்போது தாரில் எண்ணெய்க் கறை இன்னும் போகாமல் இருப்பதைப் பார்த்தான். கடந்து அந்தப்பக்கம் போனவன் நின்று, திரும்பிவந்து, அந்த இடத்திலிருந்து மேலே இருக்கிற நாலு வளைவுகளையும் அண்ணாந்து பார்த்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினான்.

தரம்பிரிக்கிற கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்கள் இரண்டு வரிசையாக முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் ஒரு கடைசியில் ஜெயக்கொடி. மறு கடைசியில் செண்பகம். தாயைத் தனியே விட முடியாமல் திருப்பூருக்குத் திரும்பாமலேயே இருந்துவிட்டிருந்தாள். நாலைந்து மாதமாக இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காய் பொறுக்கினார்கள். அவள் அங்கே இருப்பாள் என்று தவசி நினைத்திருக்கவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அட, மெக்கானிக்கு" என்றாள் ஒரு பெண். "நல்லவேள, கீழ எந்த வண்டியும் நிக்கலயே?" சிலர் சிரித்தார்கள்.

தவசி துணியை எடுத்து ஜெயக்கொடியின் முறத்துக்கு முன்னால் வைத்தான். "அண்ணே, இது உங்க வண்டி ஏர் குழாய்ல இருந்துச்சு. நான் வச்சது. எடுக்க மறந்துட்டேன். அன்னைக்குக் கழட்டுனப்பவே பாத்தேன். பாத்துட்டுத்தான் உங்க கால்னு சொன்னேன்."

ஏலக்காய் முறத்தில் விழுகிற சத்தம் ஒவ்வொரு இடமாக நின்றது.

ஜெயக்கொடி துணியைத் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே, வண்டிக்காரர்கள் கேட்கிற குரலில் கேட்டான்: "பதினொண்ணுல ஒரு தடவ புல்லிங் கொறஞ்சுச்சு. கால எடுத்தேன். திரும்ப வந்துருச்சு. அது எப்படி?"

"கால எடுத்ததும் உறிஞ்சுறது கொறஞ்சு துணி கீழ விழுந்திருக்கும்ணே. அப்புறம் பதினாலுல ஏத்தம் ஜாஸ்தி. அதுல இறுக அடச்சிருச்சு."

"கருப்புப் பொகை?"

"காத்து இல்லாம டீசல் மட்டும் எரிஞ்சா கருப்புத்தான்."

"ம்." ஜெயக்கொடி இடது காலை முன்னால் நீட்டினான். கட்டைவிரலை அசைத்துப் பார்த்தான், அப்புறம் மற்ற விரல்களை. "அப்ப என் காலு இல்ல" என்றான், யாரிடமும் இல்லாமல். "ராத்திரியெல்லாம் இந்தக் கால எடுத்து எடுத்து வச்சுப் பாப்பேன். எந்த எடத்துல தப்பா வச்சேன்னு."

"அண்ணே..."

"நீ பேசாத."

மறு கடைசியிலிருந்து செண்பகம் எழுந்து வந்தாள். தவசி அவளைப் பார்க்கத் துணியாமல் அவள் கால்களைப் பார்த்தான். அவள் அவனைத் திட்டவில்லை. "அந்த வளைவுல நான் இவர வையாத வார்த்தை இல்ல" என்றாள். "எங்கப்பா அங்க மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கும்போது இவரு கதவத் தொறந்து, நட ஆத்தா, நான் தள்ளிக்கிட்டாவது வர்றேன்னு சொன்னாரு. நான் இவரு மூஞ்சில துப்புனேன். தொடைச்சுக்கிட்டு நின்னாரு." முறத்துக்கு முன்னால் கிடந்த துணியைக் காட்டினாள். "இந்தா, நீ கொண்டுவந்து துணிய வச்சுட்ட. அத நான் எங்க வைக்கிறது?"

ஜெயக்கொடி எழுந்தான், தூணைப் பிடித்துக்கொண்டு. "இங்க சொன்னது பத்தாது. மொக்கராசு கடையில, எல்லாரும் இருக்கும்போது சொல்லணும். எங்க என் காலச் சொன்னியோ அங்க. வா, வண்டியில ஏறு."

"நான் ஏறுனா வண்டி இழுக்காதுண்ணே."

"எறக்கம்தான? கீழ போறதுக்கு இழுவை எதுக்கு?"

தார்ப்பாயை உருவினார்கள். பேட்டரி இறங்கிப்போயிருந்தது. கொட்டகைப் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு ஊர்க் கடைசி வரைக்கும் காரைத் தள்ளினார்கள், சரிவில் எஞ்சின் உயிர்பிடித்து ஓடிப் பேட்டரியை நிரப்பத் தொடங்கியது, ஆனால் இழுக்கவில்லை. செண்பகம் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், யாரும் கூப்பிடவில்லை. தவசி முன்னால் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பதினெட்டு, பதினேழு, பதினாறு என்று வளைவுகள் கீழிருந்து வந்தன, ஜெயக்கொடி பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டான், ஒவ்வொரு வளைவிலும் காரைப் பூனைக்குட்டியைத் தூக்கி வைக்கிறமாதிரி திருப்பி வைத்தான், இந்தக் கையையும் இந்தக் காலையும் பற்றியா சொன்னோம் என்று தவசி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிரே ஏறிவந்த வண்டிகளுக்கு ஜெயக்கொடி தூரத்திலிருந்தே ஹாரன் அடித்தான், அவர்கள் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கிக் கல் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அடிவாரத்துச் சமதரைக்கு வந்ததும் கார் வேகம் குறைந்து குறைந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரியாக டீக்கடைக்குப் பத்தடி முன்னால் நின்றுபோனது. ஏழரை மணிப் பஸ், தவசி எங்கே இருக்கிறான் என்று தெரியாததால் எட்டேகாலாகியும் புறப்படாமல், ஜனங்களோடு அங்கேயே நின்றிருந்தது. டிரைவர், கண்டக்டர், பால்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர், எல்லாரும் இருந்தார்கள். மொக்கராசு ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு திரும்பினான். "அண்ணே, நீங்க எப்படி மேல இருந்து..."

தவசி இறங்கினான். துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டான், மாங்காய்க் கரை எல்லாருக்கும் தெரியும்படி. கொட்டகையில் சொன்னதை அதே வார்த்தைகளில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சொல்லி முடித்தபோது அவன் காது இரண்டும் எரிந்தன.

"அன்னைக்கு அவரு கால்னு சொன்னப்ப நாங்கதானே ஊரெல்லாம் சொன்னோம்" என்று பால்காரர் ஒருத்தர் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மொக்கராசு கையிலிருந்த டீயைத் தவசிக்குத்தான் ஆற்றியிருந்தான். அதை நீட்டவும் இல்லை, கொட்டவும் இல்லை, பலகையின் மேல் வைத்தான். டீச்சர் பள்ளிக்கூட வாசலில் தவசிக்குப் போட்ட நாற்காலியும் குடையும் இருந்த திசையைப் பார்த்தாள்.

ஜெயக்கொடி கியரைப் போட்டான். தவசி கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். கார் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் நகர்ந்து, திரும்பி, செண்பகத்தைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு மலையை நோக்கிப் போனது. ஊர் முழுக்கச் சாலையில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டது. கார் மரங்களுக்குள் மறைந்த பிறகு வளைவுக்கு வளைவு சத்தம் மட்டும் திரும்பித் திரும்பி வந்தது, பஸ் டிரைவர் வாய்க்குள் எண்ணினான். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினான்கில் சத்தம் நின்றது.

எல்லாரும் தவசியைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

இருபது எண்ணுகிற நேரம் கழித்து, மலையிலேயே மிகச் செங்குத்தான அந்த ஏற்றத்தில், நின்ற நிலையிலிருந்து, ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாத சத்தத்தோடு எஞ்சின் மறுபடி பிடித்தது. வேண்டுமென்றே நிறுத்தி வேண்டுமென்றே எடுத்திருக்கிறான் என்று வண்டியோட்டத் தெரிந்த எல்லாருக்கும் புரிந்தது. கார் ஏறியது. "பதினஞ்சு" என்றான் பஸ் டிரைவர், இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி.

பதினெட்டும் முடிந்தபிறகு கூட்டம் கலைந்து பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் பழக்கத்தில் ஒரு நீள விசில் கொடுத்தான். தவசியும் பழக்கத்தில் நடந்தான், அறுபது தப்படி எண்ணிக்கொண்டு, பட்டறையைத் தாண்டி, சோளக்காட்டைத் தாண்டி, முள்வேலி வரைக்கும் போய் முதுகைக் காட்டி நின்றான். பஸ் புறப்பட்டு முதல் வளைவைத் தாண்டும் சத்தம் கேட்டது. இனிமேல் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இரண்டு சின்ன விசிலுக்காக அவன் அங்கேயே காத்துக்கொண்டு நின்றான்.